கழுதை தொலைந்த பள்ளத்தாக்கு

வழி தவறுவதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஸ்காபரோவில் தெருக்கள் கட்டக் கொப்பியில் கோடு இழுத்தது மாதிரி நேராகப் போகும், நேராகக் குறுக்கே வரும். இந்த ஊரில் தொலைந்து போவதற்குத் தனித் திறமை வேண்டும். ஒருமுறை மனைவியின் ஒன்றுவிட்ட தம்பியின் கலியாணத்துக்குப் போய், மண்டபத்துக்குள் நுழைந்து, மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, படத்துக்கும் நின்று, சாப்பாட்டு வரிசையில் றோல்ஸ் எடுக்கும்போதுதான் அங்கே ஒருவரையும் எனக்குத் தெரியாது என்பதைக் கண்டுபிடித்தேன். சரியான மண்டபம் அதே தெருவில் கொஞ்சம் தள்ளி இருந்தது. யாரோ ஒரு தம்பதியின் ஆல்பத்தில் நான் இன்றைக்கும் பெண்வீட்டு மாமா மாதிரிச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

என் பெயர் வின்சன்ற். மன்னார்த் தீவில் பேசாலையில் பிறந்தவன். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தால் எல்லாமே ஒரே மட்டம். மணல், பிறகு கடல், பிறகு வானம். ஏறிப் பார்க்க இருந்தது கோயில் மணிக்கூண்டு மட்டும்தான். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் வள்ளத்தில் கால் வைத்தால் எனக்குக் குமட்டிச் சத்தி வரும். அப்பா என்னைக் கடலுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, "உவனைப் படிக்க விடுவம்" என்று அம்மாவிடம் சொன்னார். படிப்பிலும் எனக்குத் தலை சுற்றியது. ரொறன்ரோவுக்கு வந்து பிளாஸ்ரிக் வாளிகளுக்கு மூடி அடிக்கிற தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். ஐஸ்கிரீம் வாளியைத் திறக்கும்போது உங்கள் நகம் உடைந்திருந்தால், அது என் கைவேலையாக இருக்கலாம்.

இப்படிப்பட்டவன் கையில் ஒரு பழைய வரைபடம் வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். நான் வரைபடம் வாங்கப் போகவில்லை. எங்கள் மகள் ஜெசிகா பட்டம் பெற்ற படத்தைப் பெரிதாக அடித்து வைத்திருந்தோம். அதற்கு நல்லதாக ஒரு பிறேம் பார்த்து வாங்கிவரச் சொல்லி மனைவி கிளடிஸ் என்னை அனுப்பினாள். அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். தேக்கு நிறத்தில் அருமையான பிறேம் ஒன்று, கண்ணாடியோடு, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. உள்ளே ஏதோ தாள். அதை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்ததும் கிளடிஸ் குனிந்து பார்த்தாள்.

"உதென்ன உது?"

"ஏதோ வரைபடம் போல."

"மாட்டுக்குடலைக் கழுவி விரிச்சுவிட்ட மாதிரியெல்லே கிடக்கு. கழட்டி எறிஞ்சுபோட்டுப் பிள்ளையின்ர படத்தைப் போடுங்கோ."

பின்பலகையில் அடித்திருந்த ஆணிகள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. சனிக்கிழமை கழற்றுகிறேன் என்றேன். அதுவரைக்கும் யாருடைய காலாவது படாமல் இருக்கட்டும் என்று வரவேற்பறைச் சுவரில் கொளுவி வைத்தேன். சனிக்கிழமைகள் வந்தன, போயின. பிள்ளையின் படம் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் நின்றது.

அந்த நேரத்தில்தான் என் முழங்காலில் ஒப்பரேஷன் செய்தார்கள். வேலைக்குப் போக முடியாது, படி ஏற முடியாது, காலை நீட்டிக்கொண்டு சோபாவில் இருக்க வேண்டும். சோபாவுக்கு நேர் எதிரே மாட்டுக்குடல். தொலைக்காட்சியில் வந்த நாடகங்களில் எல்லோரும் அழுதார்கள். அதனால் நான் சுவரைப் பார்க்கத் தொடங்கினேன்.

அது அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் ஒரு துண்டு. ஐம்பதுகளில் அச்சடித்தது. தாள் முழுக்க மண்நிறக் கோடுகள். சில இடங்களில் கோடுகள் நெருங்கி நெருங்கி ஒரே கறுப்பாகிவிட்டன. சில இடங்களில் ஒன்றுக்கொன்று கோபம் மாதிரி விலகிக் கிடந்தன. நடுவில் கொலராடோ ஆறு மெல்லிய நீல நூலாக வளைந்து வளைந்து போனது. ஊர் இல்லை, ரெயில் பாதை இல்லை. ஜீப் போகக்கூடிய தடம் ஒன்று புள்ளி புள்ளியாக வந்து, பாதியில் மனம் மாறி நின்றுவிட்டது. ஆற்றுக்குள் வந்து விழும் ஒரு பள்ளத்தாக்கின் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. லொஸ்ற் மியூல் கெனியன். கோவேறு கழுதை தொலைந்த பள்ளத்தாக்கு.

மன்னார்க்காரனுக்குக் கழுதை அந்நியம் இல்லை. எங்கள் பட்டினத் தெருக்களில் கழுதைகள் பஸ்ஸுக்குக்கூட விலகாமல் நடுவில் நிற்கும். உலகத்தில் ஒரு மூலையில், ஒரு கழுதை வழி தவறியதற்காக ஒரு பள்ளத்தாக்குக்கே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கண்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் தொலைந்துபோன இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தால் ஸ்காபரோவில் பாதி என் பெயரில் இருக்கும்.

கோடுகள் மட்டும் விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியர் 'சமவுயரக்கோடு' என்று ஏதோ சொன்னது ஞாபகம் இருந்தது. சொல் மட்டும்தான் ஞாபகம். மகளைக் கேட்டேன். ஜெசிகா அப்போது ஒரு காப்புறுதி நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாள். ஹெட்செற்றைக் கழற்றிவிட்டு வந்தாள்.

"அப்பா, இற்ஸ் சிம்பிள். ஒரு கோட்டிலை இருக்கிற எல்லா இடமும் ஒரே ஹைற். கோட்டாலை நடந்தால் ஏறவும் மாட்டீங்கள், இறங்கவும் மாட்டீங்கள்."

"விளங்கேல்லை."

அவள் என் வீங்கின முழங்காலைப் பார்த்தாள். போய் மண்நிற மார்க்கர் ஒன்றை எடுத்துவந்து, முழங்கால் மேட்டின் உச்சியில் சின்ன வட்டம் போட்டாள். அதற்குக் கீழே சுற்றிவர இன்னொரு வட்டம், அதற்கும் கீழே இன்னொன்று. பிறகு, "இப்ப மேலை நிண்டு பாருங்கோ" என்றாள். நான் மேலே இருந்து என் முழங்காலைப் பார்த்தேன். சுவரில் இருந்த ஒரு குன்று அப்படியே என் காலில் இருந்தது. முழங்காலும் குன்றும் ஒரே நேரத்தில் விளங்கின.

அன்றைக்கு அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் வேலைக்குத் திரும்பிய பிறகு நான் மார்க்கரை எடுத்துக் காலின் மிச்சத்தையும் வரைந்தேன். மறுநாள் காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள். தோலில் ஏதாவது ஒவ்வாமையா என்று கேட்டாள். நான் அவளுக்கு, இது சிகரம், இது செங்குத்துச் சரிவு, இந்தத் தையல்தான் ஆறு என்று விளக்கம் சொன்னேன். அவள் எனக்கு வேறு மாத்திரை ஏதாவது கொடுக்கிறார்களா என்று கிளடிஸைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள்.

கால் சுகமானது. எனக்குத்தான் சுகமாகவில்லை. வேலைக்குப் போனேன், வாளி மூடிகளில் இருக்கும் வளையங்களைப் பார்த்து, நடுவில் மேடா பள்ளமா என்று யோசித்தேன். கோயிலில் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் நேரம் யாராவது "எப்படி?" என்று கேட்டால் போதும், பீடபூமியிலிருந்து தொடங்கிவிடுவேன். பிறந்தநாள் விழாக்களில் நான் இருக்கிற மேசை வேகமாகக் காலியாகும். கடைசிவரை இருந்து கேட்டவர் எங்கள் ஊர் அமிர்தநாதர் அண்ணை ஒருவர்தான். மனுசன் கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். ஒருநாள் அவருடைய காதுக்கருவி சட்டைப்பையில் இருப்பதைக் கண்டேன். அதன் பிறகும் அவரிடம்தான் சொன்னேன். வேறு யார் இருந்தார்கள்?

லொஸ்ற் மியூல் பள்ளத்தாக்கில் நான் மனத்தால் நடக்காத இடம் இல்லை. வாயில் அகலம், பிறகு இடது கைப்பக்கம் ஒரு வளைவு, பிறகு சுவர்கள் நெருங்கும், அதற்கு மேலே 'ஊற்று' என்று குறித்த ஒரு நீலப்புள்ளி. அந்தக் கழுதை அந்த ஊற்றைத் தேடித்தான் போயிருக்க வேண்டும் என்பது என் ஆராய்ச்சி.

எங்கள் கலியாணத்தின் வெள்ளிவிழா வந்தது. ஊர்ச்சனம் எல்லாம் கியூபாவுக்குப் போய்க் கடற்கரையில் படுத்துவிட்டு வருகிறது, நாங்களும் போவம் என்று கிளடிஸ் முதலிலேயே சொல்லிவைத்திருந்தாள். நான் யூட்டா என்றேன்.

"பாலைவனத்துக்கோ? வெள்ளிவிழாவுக்கோ?"

"கிளடிஸ், உமக்கு விளங்காது. அது சும்மா பாலைவனம் இல்லை. அடுக்கு அடுக்காப் பள்ளத்தாக்கு. ஆகக் கீழை ஆறு."

"தண்ணி குடிக்கிறதுக்குக் கீழை இறங்க வேணும், பிறகு மேலை ஏற வேணும். உங்கட முழங்காலைத் தூக்கிக்கொண்டு ஆர் ஏறுறது?"

ஜெசிகா சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, படத்தையும் கையில் இருந்த ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அப்பா, ஃபோன்ல அந்த இடம் முழுக்க நீலமா இருக்கு."

"நீலம் எண்டால் தண்ணி. பாலைவனத்திலை அவ்வளவு தண்ணி எங்காலை வந்தது? உன்ர ஃபோனுக்கு ஏதோ வருத்தம்."

"நோ, அப்பா, லிசின்..."

"பிள்ளை, உது நேற்று வந்த சாமான். இது அந்தக் காலத்திலை மனுசர் கழுதையிலை ஏறிப்போய், அளந்து கீறின படம். எது சரியாயிருக்கும்?"

அவள் குசினிக்குள் போனாள். தாயும் மகளும் கொஞ்சநேரம் குசுகுசுத்தார்கள். சட்டி கழுவுகிற சத்தத்துக்கு நடுவில் ஒரு சிரிப்பும் கேட்டது. பிறகு கிளடிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சரி. உங்கட பள்ளத்தாக்குக்கே போவம்."

இவ்வளவு காலமும் நான் கொடுத்த விளக்கங்கள் கடைசியில் பலித்துவிட்டன என்று நினைத்தேன். அன்றைக்கே ஆணிகளைக் குறட்டால் நெம்பி வரைபடத்தை வெளியே எடுத்தேன். நான் தாளைச் சுருட்டி முடிப்பதற்குள் ஜெசிகாவின் பட்டமளிப்புப் படம் பிறேமுக்குள் போய்ச் சுவரில் ஏறிவிட்டது. கிளடிஸ் அவ்வளவு வேகமாகச் செய்து நான் கண்டதில்லை.

விமானம் லாஸ் வேகஸ் வரைக்கும்தான். அங்கிருந்து காரில் போக வேண்டும். இதனால் கோயிலில், வின்சன்றும் கிளடிஸும் வெள்ளிவிழாவுக்குச் சூதாடப் போகினம் என்று கதை பரவியது. எனக்கு வருத்தமில்லை. முதல்முறையாக என்னை ஆபத்தான மனிதனாக நினைத்தார்கள்.

பெட்டி அடுக்கும்போது கிளடிஸ் பெரிய துவாய்கள், அகலத் தொப்பி, றப்பர்ச் செருப்பு எல்லாம் வைத்தாள். பாலைவனத்துக்கு எதற்கு இவ்வளவு துவாய் என்று கேட்டேன். "வேர்க்கும்தானே" என்றாள். நியாயமாகத்தான் இருந்தது.

ஜெசிகா கார் ஓட்டினாள். நான் முன்னுக்கு இருந்து மடியில் வரைபடத்தை விரித்துவைத்து வழி சொன்னேன். மண் முதலில் மஞ்சளாகவும் பிறகு செங்கல் நிறமாகவும் மாறியது. வெட்டி அடுக்கின கேக் துண்டுகள் மாதிரி மலைகள் நின்றன. எந்தக் கோட்டுக்கூட்டம் எந்த மலை என்று ஒவ்வொன்றாக அடையாளம் பிடித்தேன். வரைபடத்தின் எல்லைக்குள் வந்ததும், "பிள்ளை, நில், இந்த இடத்திலை றோட்டே இல்லை" என்றேன்.

"அப்பா, நாங்கள் அதிலைதானே போறம்."

"படத்திலை இல்லை."

"ஓகே. அப்ப நாங்கள் பறக்கிறம்."

கடைசி மேட்டில் கார் ஏறியது. அங்கிருந்து பார்த்தால் ஆறு கீழே, ஆழத்தில், நூல் மாதிரித் தெரிய வேண்டும். அதைப் பார்க்கும்போது சொல்வதற்கு ஒரு வசனம்கூட யோசித்து வைத்திருந்தேன்.

கார் உச்சிக்கு வந்தது. எதிரே கண்ணுக்கு எட்டியவரை நீலத் தண்ணீர். செம்பாறைகளுக்கு நடுவில் ஒரு கடல். அதில் வெள்ளை வெள்ளையாக, வீடு மாதிரியான படகுகள். ஒரு படகின் கூரையிலிருந்து பிள்ளைகள் சறுக்கித் தண்ணீருக்குள் விழுந்துகொண்டிருந்தார்கள். எங்கேயோ பாட்டுச் சத்தம் கேட்டது.

நான் வரைபடத்தைப் பார்த்தேன். தண்ணீரைப் பார்த்தேன். வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன்.

"அணை கட்டிட்டாங்கள், அப்பா," என்றாள் ஜெசிகா மெதுவாக. "லோங் ரைம் அகோ. உங்கட மேப் அதுக்கு முதல் அடிச்சது."

பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். கிளடிஸ் தொப்பியை ஏற்கெனவே போட்டுவிட்டாள்.

"உமக்குத் தெரியுமோ?"

"ஓம். அண்டைக்குக் குசினிக்கை பிள்ளை காட்டினவள்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அவள் சொல்லத்தானே வந்தவள்? ஃபோனுக்கு வருத்தம் எண்டு சொன்னியள். இன்னொருக்காச் சொன்னால் பயணத்தையும் விட்டிட்டுச் சோபாவிலை இருந்திடுவியள். நான் தண்ணி பாக்க வேணும் எண்டு எத்தினை வருஷமாக் கேக்கிறன்."

அச்சடித்த ஆண்டு வரைபடத்தின் மூலையில் கொட்டை எழுத்தில் இருந்தது. அணை கட்டிய ஆண்டை உலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நான்தான் யாரையும் பேச விடவில்லை. கடைசிவரை இருந்து கேட்ட அமிர்தநாதர் அண்ணையும் காதுக்கருவியைக் கழற்றிவிட்டிருந்தார். கழுதை தொலைந்த இடம் இப்போது எத்தனை பனை ஆழத்தில் கிடக்கிறதோ என்று நினைத்தபோது, அடக்க நினைத்தும் கண் கலங்கியது. அதைக் கண்டதும் கிளடிஸ் பின்னாலிருந்து என் தோளில் கையை வைத்தாள். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தாள். சிரிக்கத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியாமல் காரை விட்டு இறங்கி நின்று சிரித்தாள். ஜெசிகாவும் இறங்கினாள். நான் மட்டும் காருக்குள் இருப்பது மரியாதையாக இல்லாததால் நானும் இறங்கிச் சிரித்தேன்.

படகுத்துறையில் பூங்கா அலுவலர் ஒரு இளம் பெண். நான் வரைபடத்தை நீட்டியதும் இரண்டு கையாலும் வாங்கி மேசையில் விரித்தாள். தண்ணீருக்குக் கீழே போன இடங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வாசித்தாள். பிறகு ஒரு விஷயம் சொன்னாள். பல வருட வறட்சியால் நீர்மட்டம் நன்றாக இறங்கிவிட்டதாம். முன்னர் மூழ்கிய பக்கப் பள்ளத்தாக்குகளில் சிலவற்றின் மேற்பகுதி இப்போது வெளியே வந்திருக்கிறதாம். படகில் வாயில்வரை போய், இறங்கி நடக்கலாமாம். லொஸ்ற் மியூலைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எனக்கு விளக்கம் போதும் என்று தோன்றிவிட்டது. நன்றி சொல்லித் தாளைச் சுருட்டினேன்.

ஜெசிகா தன் பெயரில் ஒரு சின்ன மோட்டார் படகை வாடகைக்கு எடுத்தாள். இயக்கும் முறையை ஒரு பையன் காட்டிக்கொடுத்தான். அவள் என்ஜினை இழுத்தாள், வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

"தள்ளி இரு," என்றாள் கிளடிஸ்.

அவள் றப்பர்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு படகின் பின்பக்கம் போய், ஒரு காலை மடித்து முன்பக்க அணியத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்தாள். ஒரே இழுவை. என்ஜின் பிடித்தது. கைப்பிடியை ஒரு திருப்புத் திருப்பி, படகுகளுக்கு நடுவால் வளைத்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கரையில் நின்ற பையன் கைதட்டினான்.

இந்தக் கிளடிஸ், ஸ்காபரோவில் கார் ஓட்டப் பழகி, ஹைவேயில் ஏறப் பயந்து, பாதியில் விட்டவள். முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலைக்குப் போய்வர, பனியில் நின்று பஸ் பிடிப்பவள். எல்லாவற்றுக்கும் பயந்தவள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் வேலிக் கதியாலைப் பிடிப்பது மாதிரிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"அம்மா, வேர் டிட் யு லேர்ன் திஸ்?"

"என்ர அப்புவின்ர வள்ளத்திலை. அண்ணன்மார் நித்திரை எண்டால் நான்தான் அவரோடை போறது."

தண்ணீரின் இரு பக்கமும் செஞ்சுவர்கள் எழுந்தன. எங்கள் தலைக்கு மிக மேலே, பாறை முழுக்க ஒரு வெள்ளைப் பட்டை ஓடியது. முந்தி நீர் நின்ற தடம். பட்டையின் மேல்விளிம்பு கொஞ்சமும் ஏறாமல் இறங்காமல், பாறை உள்ளே போன இடத்தில் உள்ளே போய், வெளியே வந்த இடத்தில் வெளியே வந்து, ஒரே மட்டமாகப் போனது. என் சமவுயரக்கோடு. இத்தனை காலம் தாளில் பார்த்ததை யாரோ சுண்ணாம்பால் மலையிலேயே கீறிவிட்டிருந்தார்கள். வயிறு புரட்டிக்கொண்டிருந்தும் நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். "இரியுங்கோ!" என்று கிளடிஸ் போட்ட சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து இரண்டாம்முறையும் என்னை இருத்தியது.

ஃபோனில் சிக்னல் போய்விட்டது. அப்போது என் நேரம் வந்தது. கீழே என்ன மூழ்கினாலும், மேலே உச்சிகள் மாறவில்லைதானே? உச்சிகளின் வடிவத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டேன். தட்டையான மேசை மலை, அதற்குப் பக்கத்தில் கூர்மையாக ஒன்று, அதற்கு நேர் கீழே லொஸ்ற் மியூல். "இடக்கைப்பக்கம்!" என்றேன். தளபதி மாதிரிக் கையையும் நீட்டினேன். கிளடிஸ் படகைத் திருப்பினாள்.

வாயில் அகலமாக இருந்தது. தண்ணீர் மெல்ல மெல்லச் சேறாகி முடிந்தது. கழுதை வந்த இடத்தில் முதல் கால் வைப்பவன் நானாக இருக்க வேண்டும் என்று படகு நிற்கும் முன்பே இறங்கினேன். வெடித்துக் காய்ந்த களி மாதிரித்தான் தெரிந்தது. மேற்பொருக்கு மட்டும்தான் காய்ந்தது. ஒப்பரேஷன் செய்த கால் தொடைவரை உள்ளே போனது. மற்றக் கால் வெளியே, கையில் வரைபடம் உயரத் தூக்கியபடி. ஒரு நாட்டின் கொடியை நாட்ட வந்தவன், தன்னையே நாட்டிக்கொண்டான்.

"அசையாதேங்கோ, அசைய அசையத் தாழும்," என்றாள் கிளடிஸ். அவள் துவாய்களை எடுத்துச் சேற்றில் விரித்தாள். அதில் முழங்காலில் நின்று என் கக்கத்துக்குக் கீழே பிடித்தாள். ஜெசிகா இடுப்புவாரைப் பிடித்தாள். இருவரும் இழுத்தார்கள். பெரிய முத்தம் மாதிரி ஒரு சத்தத்தோடு கால் வெளியே வந்தது. சப்பாத்து வரவில்லை.

ஒற்றைச் சப்பாத்தோடு நடந்தேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்வரை இந்த இடம் முழுவதும் தண்ணீருக்குள் இருந்திருக்கும். சாம்பல் நிறத்தில் செத்த மரங்கள் நின்றபடியே நின்றன. அவற்றின் காலடியில் எங்கள் தோள் உயரத்துக்குப் புதுச் செடிகள், மெல்லிய இலைகளோடு. "இப்ப இடக்கைப்பக்கம் ஒரு வளைவு வரும்" என்றேன். வந்தது. "இப்ப சுவர் நெருங்கும்" என்றேன். நெருங்கியது. ஒரு குளிர்ந்த நிழலுக்குள் போனோம். பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்கப் பச்சைப் பன்னச் செடிகள்.

"ஊற்று," என்றேன். கழுதை இதைக் கண்டுபிடித்திருக்கும் என்றும் சொன்னேன். இவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஜெசிகா படங்கள் எடுத்தாள். கிளடிஸ் ஒரு கல்லில் இருந்து, "காலைக் கொண்டாங்கோ" என்று என் சேற்றுக்காலைத் தன் மடிக்கு இழுத்து, கைகளில் தண்ணீர் ஏந்தி ஏந்திக் கழுவினாள்.

"கனடாவிலையும் வாவி இருக்குதுதானே," என்றேன். "வள்ளம் ஓட்ட ஆசை எண்டு ஒருநாளும் நீர் சொல்லேல்லையே."

"நீங்கள் வள்ளத்தைக் கண்டாலே சத்தி எடுக்கிற ஆள். ஆருக்குச் சொல்லுறது?"

"கேட்டிருப்பன்."

"எப்ப? பீடபூமிக்கு முதலோ பிறகோ?"

நான் மற்றக் காலையும் நீட்டினேன். "அது சுத்தமாத்தான் இருக்கு" என்று தள்ளிவிட்டாள்.

துறைக்குத் திரும்பியதும் ஜெசிகா எடுத்த படங்களை அந்தப் பூங்கா அலுவலரிடம் நானே பெருமையாகக் காட்டினேன். ஊற்றைக் கண்டதும் அவள் மகிழ்ந்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

மிகவும் மரியாதையாகத்தான் சொன்னாள். இது லொஸ்ற் மியூல் இல்லை. அது இதற்கு அடுத்தது. வாயில் இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. அதைத்தான் காலையில் சொல்ல வந்தாளாம். நாங்கள் போனதற்கு வரைபடத்தில் பெயரே இல்லை. இந்தப் பக்கம் எல்லாப் பள்ளத்தாக்குக்கும் ஒரு வளைவு உண்டு, எல்லாவற்றிலும் சுவர் நெருங்கும், கசிவும் பல இடங்களில் இருக்கிறது.

ஜெசிகா வாயைப் பொத்திக்கொண்டு துறைக் கடையின் அலுமாரிகளுக்குப் பின்னால் போய்விட்டாள். கிளடிஸ் என் வெறுங்காலைப் பார்த்தாள்.

"கழுதையைத் தேடிப்போய்ச் சப்பாத்தைத் துலைச்சாச்சு," என்றாள். "பறவாயில்லை. வடிவான இடம்."

உண்மையில் வடிவான இடம்தான். நான் கவலைப்பட முயன்று பார்த்தேன், வரவில்லை. மறுநாளும் படகை எடுத்தோம். சரியான பள்ளத்தாக்கின் வாயிலில், தண்ணீருக்கு மேலே, என்ஜினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் மிதந்தோம். பிறகு கிளடிஸ் எங்கே போக ஆசைப்பட்டாளோ அங்கெல்லாம் போனோம். நான் வழி சொல்லவில்லை.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகு வந்த பனிமாரியில், வேலை முடிந்து வந்ததும் கிளடிஸ் குசினி மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தாள். படகு ஓட்டுவதற்கான அட்டைக்குப் பரீட்சை. எந்த விளக்கு எந்தப் பக்கம், யாருக்கு யார் விலக வேண்டும் என்று என்னைக் கேள்வி கேட்கச் சொன்னாள். நான் கேட்டேன், அவள் சொன்னாள், சரியா பிழையா என்று எனக்குத் தெரியாததால் இரண்டுக்கும் தலையாட்டினேன். முதல்முறையே பாஸ் பண்ணினாள். கோடையில் அமிர்தநாதர் அண்ணையின் மகன் பிக்கறிங் பக்கம் வைத்திருக்கிற படகைச் சனிக்கிழமைகளில் அவளுக்குக் கொடுத்தான். அண்ணையும் எங்களோடு வருவார். தண்ணீரில் மட்டும் காதுக்கருவியைப் போட்டுக்கொள்வார்.

போன மாதம் வாவி நடுவில் பொலிஸ் படகு ஒன்று எங்களை மறித்தது. பாதுகாப்புச் சட்டைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அதிலிருந்த இளைஞன் என்னையும் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்தான். படகுக்கு யார் பொறுப்பு என்று கேட்டான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்பக்கம் திரும்பினோம். கிளடிஸ் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். நாங்கள் எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டிருக்கவும் இல்லை. கிளடிஸ் கையை நீட்டி, தண்ணீரும் வானமும் தொடுகிற பக்கத்தைக் காட்டினாள். அவன் சரி என்று தலையாட்டி வழி விட்டான்.